28 டிகிரி வளைவுக்கு பிரேஸ் கட்டாயமா, உடற்பயிற்சி போதாதா?

கேள்வி கேட்டிருப்பவர் ஒரு அம்மா. மகளுக்கு 12 வயது, இன்னும் வயதுக்கு வரவில்லை. சீருடைக்கு அளவெடுத்த டெய்லர்தான் ஒரு தோள் தூக்கலாக இருக்கிறது என்று முதலில் சொல்லியிருக்கிறார். எக்ஸ்ரேயில் முதுகெலும்பு 28 டிகிரி பக்கவாட்டில் வளைந்திருக்கிறது, மருத்துவத்தில் இதற்கு ஸ்கோலியோசிஸ் என்று பெயர். எலும்பு மருத்துவர் ஒரு நாளைக்கு 18 மணி நேரம் பிரேஸ், அதாவது உடம்பைச் சுற்றி மாட்டும் கெட்டியான பிளாஸ்டிக் கூடு, போடச் சொல்லிவிட்டார். சொந்தக்காரர் ஒருவர் கூட்டிப்போன மையத்திலோ, "பிரேஸெல்லாம் வேண்டாம், 3 மாதம் எங்களிடம் பயிற்சிக்கு வந்தால் நேராகிவிடும்" என்கிறார்களாம். பிரேஸ் இல்லாமல் உடற்பயிற்சியிலேயே சரிசெய்ய முடியுமா என்று கேட்கிறார்.

இந்த ஒரு கேள்விக்குள் இரண்டு இருக்கின்றன. வளைந்தது நிமிருமா என்பது ஒன்று. நிமிராவிட்டாலும் இதற்கு மேல் வளையாமல் நிற்குமா என்பது இன்னொன்று. பெற்றோர் முதல் கேள்வியைக் கேட்கிறார்கள், மருத்துவர் இரண்டாவதற்குப் பதில் சொல்கிறார். அந்த இடைவெளியில்தான் 3 மாத மையங்கள் கடை விரிக்கின்றன. அறுவை சிகிச்சை இல்லாத எந்த வைத்தியமும், பிரேஸ் உட்பட, 28 டிகிரியைப் பூஜ்யமாக்கும் என்று யாரும் உறுதி தர முடியாது. உடம்பு வளர்ந்து முடிக்கும்போது வளைவு அறுவை சிகிச்சை எல்லையான 45–50 டிகிரியைத் தொடாமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான் இலக்கு. உங்கள் மகள் இருக்கும் நிலையில் அதற்கு நல்ல சான்று உள்ள வழி பிரேஸ். பயிற்சி அதற்குத் துணை.

நான் யார் என்பதையும் சொல்லிவிடுகிறேன். நான் மருத்துவர் இல்லை, ஆர்த்தோட்டிஸ்ட். பிரேஸுக்கு அளவெடுப்பது, செய்வது, மாட்டிப் பார்த்துத் திருத்துவது பல வருடமாக என் தொழில். ஆகவே பிரேஸ் போடச் சொல்வதில் எனக்கு ஆதாயம் உண்டு என்பதை மனதில் வைத்துக்கொண்டே மேலே படியுங்கள். உங்கள் மகளின் படத்தையும் நான் பார்க்கவில்லை. அவளைத் தொட்டுப் பார்த்த மருத்துவர் சொன்னதற்கும் நான் சொல்வதற்கும் முரண்பாடு வந்தால் அவர் சொன்னதே கணக்கு.

முதலில் குற்ற உணர்ச்சியை இறக்கி வையுங்கள். புத்தகப் பை கனம், கோணலாக உட்கார்ந்து டிவி பார்த்தது, குழந்தையில் ஒரே பக்கம் படுக்கவைத்தது, சின்ன வயதில் சைக்கிளிலிருந்து விழுந்தது — இவை எதுவும் இதற்குக் காரணம் இல்லை. 10 வயதுக்கு மேல், வேறு நோய் எதுவும் இல்லாமல் வரும் இந்த வகைக்குக் காரணம் இன்னதென்று மருத்துவத்துக்கே இன்னும் தெரியாது. குடும்பத்தில் ஒருவருக்கு இருந்தால் இன்னொருவருக்கு வரும் வாய்ப்பு கூடுதல் என்பது மட்டும் தெரியும். அதனால் தங்கையோ தம்பியோ இருந்தால் அவர்களையும் ஒருமுறை சட்டையில்லாமல் குனியவைத்துப் பாருங்கள். கால்களைச் சேர்த்து, முழங்காலை மடக்காமல், இரண்டு உள்ளங்கைகளையும் ஒட்டிக்கொண்டு மெல்லக் குனிய வேண்டும். பின்னால் நின்று முதுகின் மட்டத்துக்குக் கண்ணை இறக்கிப் பார்த்தால், வளைவு உள்ள பிள்ளைக்கு ஒரு பக்க விலா மற்றதைவிட மேடாகத் தெரியும். லண்டனில் வில்லியம் ஆடம்ஸ் என்ற மருத்துவர் 1865-ல் சொன்ன சோதனை இது, இன்றைக்கும் இதுதான் முதல் சோதனை. அந்த மேடு ஏன் வருகிறது என்றால், முதுகெலும்பு பக்கவாட்டில் வளைவதோடு நிற்காமல் தன்னைத்தானே முறுக்கிக்கொள்கிறது, விலா எலும்புகளும் அதோடு திரும்பிவிடுகின்றன. "நேரா நில்லு, நிமிர்ந்து உட்காரு" என்று வீட்டில் ஓயாமல் சொல்வதால் ஒன்றும் ஆகாததற்குக் காரணம் இந்த முறுக்குதான். அவள் சோம்பலால் கோணலாக நிற்கவில்லை.

மருத்துவர் இதை "காரணம் தெரியாத வகை" என்று சொல்வதற்கு முன் வேறு சிலவற்றை விலக்கியிருப்பார். தூக்கத்திலிருந்து எழுப்பும் அளவுக்கு வலி, கால் மரத்துப் போதல், நடையில் தடுமாற்றம், சிறுநீர் அடக்க முடியாமை, தோலில் காப்பிக் கறை போன்ற பல திட்டுகள், முதுகின் நடுவில் முடிக்கொத்து, மார்புப் பகுதி வளைவு இடப்பக்கம் புடைத்திருப்பது, சில மாதத்திலேயே கிடுகிடுவென்று கூடுவது — இவற்றில் ஏதாவது இருந்தால் எம்.ஆர்.ஐ. எடுத்துத் தண்டுவடத்தைப் பார்ப்பார்கள். உங்கள் மகளுக்கு இதில் ஒன்று இருந்தும் கேள்வியில் எழுதாமல் விட்டிருந்தால், பிரேஸா பயிற்சியா என்ற பேச்சை நிறுத்திவிட்டு முதலில் அதை மருத்துவரிடம் சொல்லுங்கள்.

இப்போது அந்த 28-க்கு வருவோம். எக்ஸ்ரேயில் வளைவின் மேல் முனையிலும் கீழ் முனையிலும் அதிகம் சாய்ந்திருக்கும் எலும்புகளைத் தேர்ந்து, அவற்றின் விளிம்பில் கோடு போட்டு, இரண்டுக்கும் இடைப்பட்ட கோணத்தை அளப்பார்கள். ஜான் காப் என்ற அமெரிக்க எலும்பு மருத்துவர் 1948-ல் சொன்ன முறை என்பதால் இதற்குக் காப் கோணம் என்று பெயர். 10 டிகிரிக்குக் கீழே இருந்தால் அதை ஸ்கோலியோசிஸ் என்றே கணக்கில் எடுப்பதில்லை. 10-ம் அதற்கு மேலும் உள்ள பிள்ளைகள் நூற்றுக்கு இரண்டு மூன்று பேர், அவர்களில் பெரும்பாலோருக்கு எந்த வைத்தியமும் தேவைப்படாது. ஒரே படத்தை இரண்டு பேர் அளந்தால் 5 டிகிரி வரை வித்தியாசம் வருவது சகஜம். இதைத் தெரிந்துகொள்ளாத பெற்றோர் போன முறை 26, இந்த முறை 28 என்று அழுதுகொண்டு வருவார்கள். இன்னொரு பக்கம், அதே 2 டிகிரியை "எங்கள் பயிற்சியில் குறைந்தது" என்று படம் போட்டுக் காட்டுபவர்களும் உண்டு. இரண்டும் அளவுப் பிழைக்குள் அடங்கிவிடும் எண்கள்.

டிகிரியைவிட முக்கியமான தகவல் ஒன்று உங்கள் கேள்வியில் போகிறபோக்கில் வந்திருக்கிறது. இன்னும் வயதுக்கு வரவில்லை என்றீர்கள். முதுகெலும்பு மளமளவென்று வளரும் காலத்தில்தான் வளைவும் கூடும். பெண் பிள்ளைகளுக்கு அந்த வேகமான வளர்ச்சி முதல் மாதவிலக்குக்குச் சில மாதங்கள் முன்பே உச்சத்தைத் தொட்டுவிடும். அதற்குப் பிறகும் ஏறக்குறைய 2 வருடம் வளர்ச்சி மெல்ல மெல்லக் குறைந்துகொண்டே ஓடும். எக்ஸ்ரேயில் இடுப்பு எலும்பின் மேல் விளிம்பில் புது எலும்பு எவ்வளவு தூரம் படர்ந்திருக்கிறது என்று பார்த்து 0 முதல் 5 வரை எண் கொடுப்பார்கள், அது ரிஸ்ஸர் நிலை. 0 என்றால் வளர்ச்சி நிறைய பாக்கி, 5 என்றால் முடிந்துவிட்டது. இப்போது பலர் இடது கை விரல் எலும்புகளையும் படமெடுத்து இன்னும் நுட்பமாகக் கணிக்கிறார்கள். லான்ஸ்டைன், கார்ல்சன் என்ற இருவர் 1984-ல் வெளியிட்ட பழைய கணக்கு ஒன்று இன்றும் மேற்கோள் காட்டப்படுகிறது. சிகிச்சையில்லாமல் விட்ட 20 முதல் 29 டிகிரி வளைவுகளில், ரிஸ்ஸர் 0 அல்லது 1-ல் இருந்த பிள்ளைகளில் 68 சதவீதம் பேருக்கு வளைவு கூடியது. அதே டிகிரி, ரிஸ்ஸர் 2 முதல் 4 என்றால் 23 சதவீதம்தான்.

அதாவது 28 டிகிரியோடு என் முன்னால் வந்து நிற்பது 15 வயதுப் பெண்ணாக, மாதவிலக்கு தொடங்கி 3 வருடம் ஆனவளாக இருந்தால், "இதற்கு எதற்கம்மா பிரேஸ், மருத்துவரிடம் இன்னொரு முறை கேட்டு வாருங்கள்" என்று திருப்பி அனுப்பிவிடுவேன். 12 வயதில், வயதுக்கு வராத பிள்ளைக்கு அதே 28 வேறு கணக்கு. உங்கள் மருத்துவர் பிரேஸ் எழுதியது இதனால்தான். அவளுடைய ரிஸ்ஸர் எண்ணைக் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

பிரேஸ் உண்மையில் வேலை செய்கிறதா என்ற சந்தேகம் மருத்துவர்களுக்கே நெடுங்காலம் இருந்தது. அதைத் தீர்க்க அமெரிக்காவிலும் கனடாவிலும் 25 மையங்கள் சேர்ந்து ஓர் ஆய்வு நடத்தின, அயோவா பல்கலைக்கழகத்தின் ஸ்டூவர்ட் வைன்ஸ்டைன் தலைமையில். முடிவு 2013-ல் வெளியானது. 10 முதல் 15 வயது வரை, 20 முதல் 40 டிகிரி வளைவு, வளர்ச்சி பாக்கியுள்ள 242 பிள்ளைகள். பிரேஸ் போட்டவர்களில் 72 சதவீதம் பேர் வளர்ச்சி முடியும்வரை 50 டிகிரியைத் தொடவில்லை. வெறுமனே கண்காணிப்பில் இருந்தவர்களில் அது 48 சதவீதம். வித்தியாசம் தெளிவாகத் தெரிந்துவிட்டதால் ஆய்வை முன்கூட்டியே நிறுத்தினார்கள். பிள்ளைகள் சொல்லும் கணக்கை நம்பாமல் பிரேஸுக்குள் வெப்பமானி பதித்து, உண்மையில் எத்தனை மணி நேரம் போட்டார்கள் என்றும் அளந்தார்கள். சராசரியாக ஒரு நாளைக்கு 13 மணி நேரமும் அதற்கு மேலும் போட்டவர்களில் 90 சதவீதத்துக்கு மேல் தப்பித்தார்கள். 6 மணி நேரத்துக்குக் கீழே போட்டவர்களுக்கும் போடாதவர்களுக்கும் வித்தியாசமே இல்லை.

இந்த ஆய்வின் மறுபக்கத்தையும் சொல்லாவிட்டால் நியாயம் ஆகாது. பிரேஸ் போடாதவர்களிலும் கிட்டத்தட்ட பாதிப்பேர் 50-ஐத் தொடவில்லையே. ஆக, பிரேஸ் போடும் பிள்ளைகளில் ஒரு கணிசமான பங்கு, போடாமலே தப்பித்திருப்பார்கள். அது யார் யார் என்று முன்கூட்டியே சொல்ல வழியில்லை. போட்டும் 50-ஐத் தாண்டிய பிள்ளைகளும் அந்த 72-க்கு வெளியே இருக்கிறார்கள். மணிக்கணக்கு பற்றிய முடிவிலும் ஒரு நெளிவு உண்டு. அதிக நேரம் போட்டவர்கள் தாங்களாகவே அப்படிப் போட்டவர்கள், குலுக்கல் முறையில் பிரிக்கப்பட்டவர்கள் அல்லர். வளைவு எளிதில் வளைந்துகொடுக்கும் பிள்ளைக்குப் பிரேஸ் அவ்வளவாக உறுத்தாது, அதனாலும் அவள் கூடுதல் நேரம் போட்டிருக்கலாம். இருந்தாலும் மணி கூடக்கூடப் பலன் கூடுவது அவ்வளவு சீராக இருந்ததால், நான் சந்தேகப்படுவதில்லை.

உடற்பயிற்சிக்கு வருகிறேன். இதில் இரண்டு ரகம் உண்டு. பொதுவான பயிற்சி, அதாவது நீச்சல், யோகா, கம்பியில் தொங்குவது, உடம்புக்கு நல்லது. முதுகுத் தசைக்கும் நல்லது. வளைவு கூடாமல் தடுக்கும் என்பதற்குச் சான்று இல்லை. இன்னொன்று ஸ்கோலியோசிஸுக்கென்றே வகுத்த பயிற்சி. அதில் பெயர் பெற்றது ஷ்ராத் முறை. கத்தரினா ஷ்ராத் என்ற ஜெர்மன் பெண்மணி, தானே இந்த வளைவோடு வாழ்ந்து பிரேஸ் போட்டவர், 1921-ல் மைசன் நகரில் தன் பயிற்சிக்கூடத்தைத் தொடங்கினார். கண்ணாடி முன் உட்காரவைத்து, இடுப்பை முதலில் மட்டமாக்கி, தலையை மேல்நோக்கி நீட்டச் சொல்லி, அமுங்கிக் கிடக்கும் விலாப் பக்கத்துக்குள் மூச்சை இழுத்து அந்த இடத்தை விரிக்கச் சொல்வார்கள். விரிந்த நிலையிலேயே மூச்சை விடும்போது தசைகளை இறுக்கிப் பிடிக்க வேண்டும். ஒவ்வொரு பிள்ளையின் வளைவுக்கும் இது வேறுபடும். வலப்பக்க வளைவுக்கு வகுத்ததை இடப்பக்க வளைவுள்ள பிள்ளை செய்யக் கூடாது. வீடியோ பார்த்துத் தானே செய்ய வேண்டாம் என்று நான் சொல்வதற்குக் காரணம் இதுதான்.

பலன் என்ன? கனடாவின் எட்மண்டனில் 50 பிள்ளைகளை வைத்து நடத்தி 2016-ல் வெளியான ஆய்வில், 6 மாதம் ஷ்ராத் பயிற்சி சேர்த்துக்கொண்டவர்களுக்கு வளைவு சராசரியாக 3.5 டிகிரி குறைந்தது. வழக்கமான கவனிப்பில் மட்டும் இருந்தவர்களுக்கு 2.3 டிகிரி கூடியது. இத்தாலியில் 25 டிகிரிக்கு உட்பட்ட சிறு வளைவுகளில் நடந்த இன்னோர் ஆய்விலும் பயிற்சிக் குழு நன்றாகவே வந்தது. ஆனால் உங்கள் மகளின் கேள்விக்கு மிக நெருக்கமானது சுவீடன் ஆய்வு, 2024-ல் வெளியானது. 25 முதல் 40 டிகிரி வரை உள்ள 135 பிள்ளைகளை மூன்றாகப் பிரித்தார்கள். எல்லோருக்கும் தினசரி உடலசைவு உண்டு, ஒரு குழுவுக்கு அதோடு இரவுநேர பிரேஸ், இன்னொரு குழுவுக்கு அதோடு ஸ்கோலியோசிஸ் பயிற்சி. இரவு பிரேஸ் குழுவில் 76 சதவீதம் பேருக்கு வளைவு குறிப்பிடும்படி கூடவில்லை. உடலசைவு மட்டும் செய்தவர்களில் அது 53 சதவீதம். பயிற்சிக் குழுவின் எண் இந்த 53-ஐ ஒட்டியே இருந்தது. பயிற்சியைச் சொன்னபடி எல்லோரும் செய்யவில்லை என்று வாதாடலாம், அதிலும் உண்மை இருக்கிறது. ஆனால் வீட்டில் 12 வயதுப் பிள்ளை எப்படிச் செய்யும் என்பதும் ஆய்வின் பகுதிதானே.

இதிலிருந்து நான் எடுத்துக்கொள்வது: 20 டிகிரிக்கு உட்பட்ட வளைவுக்கு, பெற்றோருக்கு நேரமும் வசதியும் இருந்தால், பயிற்சியைத் தனியாக முயல்வதில் தவறில்லை, இடையிடையே மருத்துவர் பார்த்துவர வேண்டும். 25-ஐத் தாண்டி, வளர்ச்சியும் பாக்கி இருந்தால் பயிற்சியை மட்டும் நம்புவது சூதாட்டம். பிரேஸோடு சேர்த்துச் செய்தால் முதுகுத் தசை தளராமல் இருக்கும், விலா விரியும், தன் உடம்பைத் தானே கையாளும் தெம்பு பிள்ளைக்கு வரும். இதில் கடைசியாகச் சொன்னதை எந்த ஆய்வும் சரியாக அளக்கவில்லை. பட்டறையில் பிள்ளைகளின் முகத்தைப் பார்த்துச் சொல்கிறேன்.

முதுகை நெட்டி எடுத்துச் சரிசெய்வது, இழுவை மெஷின், மசாஜ் எல்லாம் வலியைத் தற்காலிகமாகக் குறைக்கலாம், வளைவின் போக்கை மாற்றியதற்கு நம்பகமான சான்று இல்லை. தசைக்கு மின்சாரம் கொடுக்கும் சிகிச்சை ஒரு காலத்தில் மேலைநாடுகளில் பரவலாக இருந்தது. 1995-ல் வெளியான பெரிய ஆய்வொன்றில் பிரேஸ் 74 சதவீதம் பேருக்குப் பலித்தது, மின்சாரம் 33 சதவீதம், ஒன்றுமே செய்யாதது 34 சதவீதம். அதோடு அங்கே அது வழக்கொழிந்தது, இங்கே விளம்பரங்களில் இன்னும் தலைகாட்டுகிறது. ஆன்லைனில் விற்கும் தோள்பட்டை இழுக்கும் எலாஸ்டிக் பெல்ட்டும் இந்தப் பட்டியலில்தான் சேரும். அதை வாங்கி மாட்டிவிட்டு "பிரேஸ் போட்டோம், கேட்கவில்லை" என்று சொல்பவர்கள் உண்டு. மருத்துவர் எழுதியது அது இல்லை.

அவர் எழுதியது, உங்கள் மகளின் உடம்புக்கென்று அச்சு எடுத்துச் செய்யும் கெட்டியான பிளாஸ்டிக் கூடு. பிளாஸ்டர் கட்டு போட்டோ ஸ்கேனர் கொண்டோ உடம்பின் வடிவத்தை எடுப்போம். அந்த அச்சில், வளைவு புடைத்திருக்கும் பக்கம் தள்ளுவதற்கு உள்ளே குழித்தும், எதிர்ப்பக்கம் உடம்பு நகர்ந்து போக இடம் விட்டும் செதுக்குவோம். அதன்மேல் பாலிப்ரொப்பிலீன் தகட்டைச் சூளையில் இளக்கிப் போர்த்தி, ஆறியதும் வெட்டி, விளிம்பைத் தேய்த்து மழுக்கி, பட்டைகள் பொருத்துவோம். தள்ளும் இடத்துக்கு எதிரே காலியிடம் இல்லாத பிரேஸ் வெறும் இறுக்கம்தான், வளைவைத் திருத்தாது. நீங்களே ஒன்றைப் பார்க்கலாம்: போட்டிருக்கும்போது மூச்சை இழுக்கச் சொன்னால், ஒரு பக்கம் பிளாஸ்டிக்கில் அழுந்தி, மறுபக்கம் விலா காலியிடத்துக்குள் விரிய வேண்டும். போட்ட சில வாரத்தில் பிரேஸோடு நிற்கவைத்து ஒரு எக்ஸ்ரே எடுப்பார்கள். அதில் வளைவு ஏறக்குறைய பாதியாகக் குறைந்து தெரிந்தால் நல்ல பொருத்தம். துளிக்கூடக் குறையவில்லை என்றால் செய்தவரிடம் திருப்பிக் கொண்டுபோய்த் திருத்தச் சொல்லும் உரிமை உங்களுக்கு உண்டு, தயங்காதீர்கள். அந்தப் படத்தில் குறைந்து தெரிவது பிரேஸ் தாங்கிப் பிடித்திருப்பதால். பல்லுக்குக் கம்பி போட்டால் பல் புது இடத்தில் உட்கார்ந்துகொள்வதுபோல இது அங்கேயே நின்றுவிடாது. கழற்றினால் பெரும்பாலும் பழைய அளவை ஒட்டித் திரும்பும். சிலருக்கு நிரந்தரமாகவே சில டிகிரி குறைவதும் உண்டு, அதைக் கூடுதல் லாபமாக எடுத்துக்கொள்ளலாம், எதிர்பார்க்கக் கூடாது.

எந்தப் பெயர் பிரேஸ் என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். 1940-களில் வந்த மில்வாக்கி பிரேஸில் கழுத்துவரை கம்பி இருக்கும், இன்று அரிது. 1970-களில் பாஸ்டன் பிரேஸ் வந்த பிறகு அக்குளுக்குக் கீழேயே முடிந்துவிடுகிறது, உடைக்குள் மறைந்துவிடும். ஷெனோ வகை, பகலில் போடாமல் இரவில் மட்டும் எதிர்ப்பக்கம் வளைத்துப் பிடிக்கும் பிராவிடன்ஸ், சார்ல்ஸ்டன் வகைகள் எல்லாம் உண்டு. செய்பவருக்கு எது கைவந்ததோ அதுவே நல்லது என்பது என் எண்ணம். பகல் முழுக்கப் போடவே மாட்டேன் என்று பிள்ளை அடம்பிடித்தால், இரவு பிரேஸ் அவள் வளைவுக்கு ஒத்துவருமா என்று மருத்துவரிடம் கேட்டுப் பாருங்கள். 18 மணி நேர பிரேஸை அலமாரியில் வைத்திருப்பதைவிட, 8 மணி நேர இரவு பிரேஸைத் தினமும் போடுவது மேல்.

நம் ஊர் வெயிலில் இதைப் போடுவது லேசான காரியம் இல்லை. முதல் நாளே 18 மணி நேரம் போட்டுவிடாதீர்கள். 2 மணி நேரத்தில் தொடங்கி இரண்டு வாரத்துக்குள் ஏற்றிக்கொண்டு போகலாம். உள்ளே தையல் விளிம்பு உறுத்தாத, உடம்போடு ஒட்டிய பருத்திப் பனியன், பிரேஸைவிட நீளமாக. பனியனில் ஒரு சுருக்கம் இருந்தால்கூட மாலைக்குள் தோலில் தடம் விழும். நாளுக்கு இரண்டு மூன்று பனியன் மாற்ற வேண்டிவரும். பிரேஸுக்குள் படும் இடத்தில் பவுடரும் வேண்டாம், எண்ணெயும் வேண்டாம். ஒன்று வியர்வையில் கட்டியாகும், மற்றது தோலை ஊறவைக்கும். கழற்றியதும் தோல் சிவந்திருப்பது இயல்பு, அழுத்தம் விழுகிறது என்று பொருள். அரை மணி நேரத்துக்கு மேலும் சிவப்பு மறையாவிட்டாலோ தோல் உரிந்தாலோ கொப்புளம் கண்டாலோ பிரேஸைக் கழற்றி வைத்துவிட்டுச் செய்தவரைக் கூப்பிடுங்கள். நீங்களாக உள்ளே பஞ்சு வைத்து அடைக்காதீர்கள், அழுத்தம் இடம் மாறிவிடும். பட்டையை எதுவரை இழுத்து மாட்ட வேண்டும் என்று மார்க்கர் பேனாவால் கோடு போட்டுத் தருவோம். தளர்த்திப் போட்ட 18 மணி நேரம் கணக்கில் சேராது.

சம்மணம் போட்டுச் சாப்பிட முடியாது, இந்திய முறைக் கழிப்பறையில் உட்காரக் கஷ்டம், கீழே விழுந்த பென்சிலை எடுக்க முழங்காலை மடக்க வேண்டும், வயிறு நிறையச் சாப்பிட்டால் திணறும். இதையெல்லாம் யாரும் முன்கூட்டியே சொல்வதில்லை, பிள்ளை பள்ளியில் போய்த்தான் கண்டுபிடிக்கிறாள். சீருடையை ஒரு அளவு பெரிதாகத் தைத்துவிடுங்கள். வகுப்பாசிரியரிடம் நீங்களே நேரில் போய்ப் பேசுங்கள், சாய்வில்லாத பெஞ்சில் உட்காரவைக்காமல் இருந்தாலே பாதிப் பிரச்சினை தீரும். விளையாட்டு, நடனம், நீச்சல் எதையும் நிறுத்த வேண்டாம். அந்த நேரத்தில் கழற்றிக்கொள்ளலாம், 24-ல் மீதி 6 மணி நேரம் இருப்பது அதற்காகத்தான். நான் மேலே சொன்ன 2013 ஆய்வில், பிரேஸ் போட்ட பிள்ளைகளின் வாழ்க்கைத் தரம் போடாதவர்களைவிடக் கெட்டுப்போனதாகத் தெரியவில்லை. ஆனால் அது சராசரி. உங்கள் வீட்டுப் பிள்ளை சராசரியாக இருக்க வேண்டியதில்லை. அழுதால் அழட்டும், "இதுக்கெல்லாமா அழுவே" என்று சொல்லாதீர்கள். எந்த மணிக்குப் போடுவது, எப்போது கழற்றுவது என்ற அட்டவணையை அவளையே போடவிடுங்கள். அளவெடுக்க வரும்போது அம்மாவிடம் மட்டும் பேசிவிட்டு அனுப்பிய பிள்ளைகள் போடுவதில்லை என்பது எங்கள் தொழிலில் எல்லோருக்கும் தெரியும்.

எத்தனை காலம் என்று கேட்பீர்கள். வளர்ச்சி முடியும்வரை. அவளுக்கு இன்னும் மாதவிலக்கு வராததால் 2 வருடத்துக்குக் குறையாது, 3 வருடம்கூட ஆகலாம். நடுவில் வளர்ந்துவிட்டால் புது பிரேஸ் வேண்டியிருக்கும், அந்தச் செலவையும் இப்போதே கணக்கில் வையுங்கள். தனியாரில் செய்ய வசதியில்லை என்றால் சென்னை கே.கே.நகர் அரசு புனர்வாழ்வு மருத்துவ நிலையம், முட்டுக்காட்டில் மாற்றுத்திறனாளிகளுக்காக இருக்கும் தேசிய நிறுவனம், வேலூர் சி.எம்.சி. போன்ற இடங்களில் இதற்கான துறைகள் இருக்கின்றன, விசாரியுங்கள்.

கல்யாணம், குழந்தைப்பேறு பற்றிக் கேள்வியின் கடைசியில் தயங்கித் தயங்கி எழுதியிருக்கிறீர்கள். அயோவாவில், சிகிச்சையே எடுக்காமல் விட்ட 117 பேரை 50 வருடம் தொடர்ந்து பார்த்து 2003-ல் எழுதியிருக்கிறார்கள். மற்றவர்களைப் போலவே வேலை பார்த்தார்கள், கல்யாணம் செய்துகொண்டார்கள், பிள்ளை பெற்றார்கள், ஆயுளும் குறையவில்லை. நாள்பட்ட முதுகுவலி மட்டும் கூடுதல்: மற்றவர்களில் 35 சதவீதம், இவர்களில் 61. உங்கள் மகளின் வளைவைவிடப் பெரிய வளைவுகள் அதில் நிறைய இருந்தன. வளர்ச்சி முடியும்போது 30 டிகிரிக்குள் இருந்தால் அதற்குப் பிறகு பெரும்பாலும் கூடாது. 50-ஐத் தாண்டியவை வளர்ந்த பிறகும் வருடத்துக்கு ஏறக்குறைய 1 டிகிரி வீதம் கூடிக்கொண்டு போகும் என்பதால்தான் அந்த 50-ஐ எல்லோரும் எல்லையாக வைத்திருக்கிறார்கள். பிரேஸ் ஒழுங்காகப் போட்டும் தாண்டிவிட்டால் அறுவை சிகிச்சை இருக்கிறது. அதைப் பற்றி இப்போதே படித்துத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

4 முதல் 6 மாதத்துக்கு ஒருமுறை மருத்துவரைப் பார்க்க வேண்டியிருக்கும். ஒவ்வொரு முறையும் எக்ஸ்ரே வேண்டுமா என்று கேளுங்கள், தேவை என்றால் கதிர் முதுகுப் பக்கமிருந்து முன்னோக்கிப் போகும்படி எடுக்கச் சொல்லுங்கள், மார்பில் படும் அளவு குறையும். நின்ற நிலையில், முடிந்தவரை ஒரே ஸ்கேன் மையத்தில் எடுங்கள். அதற்கு முன் எத்தனை மணி நேரம் பிரேஸைக் கழற்றி வைக்க வேண்டும் என்று மருத்துவரிடம் கேட்டு ஒவ்வொரு முறையும் அதையே கடைப்பிடியுங்கள். படத்தை போனில் போட்டோ எடுத்து அனுப்பாமல் பிலிமையோ சி.டி.யையோ கையில் கொண்டுபோங்கள். பழையதையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, அதே எலும்புகளில் கோடு போட்டு, ஒரே மருத்துவர் அளந்து 6 டிகிரிக்கு மேல் வித்தியாசம் சொன்னால், அப்போது அதைக் கூடியதாக எடுத்துக்கொண்டு அடுத்து என்ன என்று அவரிடம் பேசுங்கள்.